நீராவி ரயிலில் சிக்னல்மேன் ஆகலாம்: தன்னார்வலர்களுக்கு

பிரிட்டனில் தன்னார்வலர்களை நம்பி ஓடும் பழைய ரயில் பாதைகள் ஏராளம். 1951-ல் வேல்ஸின் டாலிலின் பாதை வழிகாட்டியது. புதிதாக வருகிறவர்களுக்குக் கண்ணெல்லாம் எஞ்சின் மேல்தான். என்னைக் கேட்டால், சிக்னல்களை இயக்கும் அறையான சிக்னல் கேபினில்தான் மூளைக்கு வேலை.

படி 1: பாதையை ஆதரிக்கும் சங்கத்தில் உறுப்பினராகி, சிக்னல் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். முதலில் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறம் பிரித்தறிய முடியாவிட்டால் விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தும் பயனில்லை. தண்டவாளப் பாதுகாப்பு வகுப்பு தனி.

படி 2: மணி. பக்கத்து கேபினுடன் பேச்சு முழுக்க மணியில்தான். ஒரு தட்டு என்றால் 'கவனி'. சாதாரணப் பயணிகள் ரயிலுக்கு 3-1. மூன்று தட்டி, சற்று நிறுத்தி, இன்னொன்று. நிறுத்தாமல் தட்டினால் நான்காகிவிடும். அது விரைவு ரயிலுக்கு உரியது. ரயில் உங்களைக் கடந்து புறப்பட்டதும் 2. அது வந்து சேர்ந்து, கடைசிப் பெட்டியின் வால்விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகே அங்கிருப்பவர் 2-1 அடிப்பார். ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். பழக செயலி எதுவும் வேண்டாம், மேசையில் விரலால் தட்டினாலே போதும்.

படி 3: டோக்கன். ஒற்றைப் பாதையின் ஒரு பகுதிக்குள் நுழைய ஓட்டுநர் கையில் இருக்க வேண்டிய அனுமதி அடையாளம் இது. ஒற்றைப் பாதையில் புதியவர்கள் திணறுவது இங்கேதான். நீங்கள் 3-1 அடித்ததும் எதிர்க் கேபின்காரர் அதையே திருப்பி அடித்து, கடைசித் தட்டில் பொத்தானை அழுத்தியபடி வைத்திருப்பார். டோக்கன்களைப் பூட்டி வைத்திருக்கும் உங்கள் கருவியின் முள் அப்போது ஒருபக்கம் சாயும். சாய்ந்திருக்கும்போதே டோக்கனை உருவ வேண்டும். முள்ளைப் பார்க்காமல் டோக்கனோடு மல்லுக்கட்டினால் அது அசையாது.

உருவியதும் அதில் பொறித்திருக்கும் இரண்டு ஊர்ப் பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள். 1921-ல் வேல்ஸின் அபர்மியூல் நிலையத்தில், வந்த ரயில் கொண்டுவந்த டோக்கனே யாரும் படித்துப் பார்க்காமல் அதே ஓட்டுநரிடம் திரும்பப் போனது. எதிரே வந்த ரயிலோடு மோதி 17 பேர் இறந்தார்கள்.

படி 4: லீவர். எந்த லீவர் எதற்கு என்பதை நிறம் சொல்லும்: சிவப்பு நிறுத்த சிக்னலுக்கு, மஞ்சள் தொலைவு சிக்னலுக்கு (அடுத்த நிறுத்த சிக்னலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பது), கறுப்பு பாயிண்டுக்கு (ரயிலைத் தடம் மாற்றும் தண்டவாளம்), நீலம் பாயிண்டை அசையாமல் பிடிக்கும் பூட்டுக்கு. பளபளக்கும் கைப்பிடியை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். கையுறையைவிடப் பழைய பருத்தித் துணி எவ்வளவோ மேல். தொலைவு சிக்னலின் கம்பி நெடுந்தூரம் போகும். தோளால் இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு காலை முன்னே ஊன்றி, உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள்.

பிறகு சேர்த்தது: கோடை வெயிலில் கம்பி நீண்டு, லீவரை முழுதாக இழுத்தும் கைகாட்டி அரைகுறையாகவே அசையும். கேபினுக்குள் கம்பியை முறுக்க ஒரு திருகு இருக்கும். பயிற்சியாளரைக் கேட்டு இறுக்குங்கள். குளிர்ந்ததும் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் கைகாட்டி முழுதாக நிறுத்த நிலைக்குத் திரும்பாது.