கொழும்பு வெக்கையில் சொக்லேட் பார்களை ருசி பார்த்துப் புள்ளி போடுவது எப்படி?

நாலைந்து சொக்லேட் பார்களை மேசையில் வைத்து எது நல்லது என்று வீட்டில் ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சின்ன வயதிலிருந்து தின்று பழகிய பார்தான் வெல்லும். உறையைப் பார்த்த உடனேயே மனம் பாதிப் புள்ளியைப் போட்டுவிடும். கொழும்பில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பார் சரியில்லை என்றால் அது செய்தவர்களின் பிழையா, வழியில் பட்ட வெக்கையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் சமாளிக்க ஒரு எளிய முறை இதோ.

படி 1: ஒரே இனத்தை எடுங்கள்

கடையில் பார் என்று கிடைப்பவை மூன்று இனம். கண்டோஸ், றிட்ஸ்பரி, எட்னா, டெய்ரி மில்க் போன்றவற்றின் வெறும் பால் சொக்லேட் கட்டி ஒன்று. கிட்கட் மாதிரி வேஃபர் உள்ளது இரண்டாவது. ஸ்னிக்கர்ஸ், மார்ஸ், பவுன்டி போல உள்ளே கரமலோ கச்சானோ தேங்காயோ நிரப்பியது மூன்றாவது. இவற்றைக் கலந்து ஓட விடுவது இடியப்பத்துக்கும் கொத்துரொட்டிக்கும் ஒரே தாளில் புள்ளி போடுவது மாதிரி. முதல் தடவைக்கு வெறும் பால் சொக்லேட் நல்லது. நான்கு வகை போதும், ஐந்துக்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும்.

வாங்கும் இடமும் முக்கியம். காலி வீதியில் வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருப்பதை எடுக்க வேண்டாம். ஏசி உள்ள சுப்பர்மார்க்கெட்டில், பொழுது சாய்ந்த பிறகு, எல்லா வகையையும் ஒரே நாளில் வாங்குங்கள். அப்போதுதான் எல்லாம் ஏறத்தாழ ஒரே வெக்கையைச் சந்தித்திருக்கும்.

படி 2: உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சேர்மானப் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும். பால் சொக்லேட்டில் சீனி முதலிடத்தில் இருப்பது வழக்கம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தேட வேண்டியது கொழுப்பை. கொக்கோ வெண்ணெய் (கொக்கோ விதையின் சொந்தக் கொழுப்பு) என்று இருக்கிறதா, தாவரக் கொழுப்பு என்று இருக்கிறதா? கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலைப்படி பால் சொக்லேட்டில் குறைந்தது 25 சதவீதம் கொக்கோத் திண்மம், அதாவது கொக்கோ விதையிலிருந்து வரும் பகுதி, இருக்க வேண்டும். வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாம் கேர்னல் (எண்ணெய்ப்பனை விதை) போன்ற கொழுப்பைப் போட்டுச் செய்வதைக் கொம்பவுண்ட் என்பார்கள். அது மலிவு, வெக்கையையும் ஓரளவு தாங்கும். வேஃபருக்கு மேல் பூச்சாக வரும்போது நான் குறை சொல்ல மாட்டேன். வெறும் கட்டியாக வரும்போது நாக்கு கண்டுபிடித்துவிடும்.

தயாரித்த நாட்டையும் பாருங்கள். கிட்கட்டை அமெரிக்காவில் ஹெர்ஷி செய்கிறது, கனடாவில் நெஸ்லே செய்கிறது. டொரோண்டோவிலிருந்து மாமா கொண்டுவந்ததும் வெள்ளவத்தையில் வாங்கியதும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

படி 3: வெக்கையை அடக்குங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடக்க வேண்டாம்.

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். நம் உடம்பின் சூடு 37. வாயில் வைத்ததும் கரைவதன் இரகசியம் இதுதான். ஆனால் 28 பாகையைத் தாண்டினாலே கட்டி இளகத் தொடங்கும், கொழும்புப் பகலோ சாதாரணமாகவே 30, 31. கிட்கட் 1935இல் ரவுண்ட்ரீ கம்பனியால் இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தது. மார்ஸ் 1932இல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் பிறந்தது. குளிர் ஊரை நினைத்து உருவானவை, சித்திரை வெயிலில் பம்பலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பயணத்தை யாரும் அப்போது எண்ணியிருக்க மாட்டார்கள்.

சரி, பிரிட்ஜில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் திறந்தபடி வைக்கக்கூடாது. கொக்கோக் கொழுப்பு பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நேற்றைய மீன் குழம்பு அடுத்த தட்டில் இருந்தால் நாளைக்கு உங்கள் சொக்லேட்டிலும் இருக்கும். உறையோடு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்த பிறகு டப்பாவை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் நம் ஈரக் காற்று குளிர்ந்த கட்டியில் பட்டு வியர்க்கும், அந்த நீர் சீனியைக் கரைத்து, காய்ந்ததும் வெள்ளைத் தூளாக விட்டுப் போகும்.

வெள்ளை படிவதில் இன்னொரு வகையும் உண்டு, உருகி மறுபடி உறைந்ததால் கொழுப்பு மேலே வருவது. விரலால் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு மறைந்தால் கொழுப்பு. சொரசொரப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் சீனி. இரண்டையும் தின்னலாம், ஒன்றும் ஆகாது. புள்ளி மட்டும் போடாதீர்கள், வேறு கடையில் இன்னொன்று வாங்குங்கள்.

ருசி பார்க்க 20 முதல் 22 பாகை நல்லது. ஏசி அறையில் 24 என்றாலும் சமாளிக்கலாம். ஏசி இல்லையா? விடியற்காலை, அல்லது மழை பெய்து ஓய்ந்த பின்னேரம்.

படி 4: பெயரை மறையுங்கள்

போட்டியில் சேராத ஒருவரிடம் கத்தியைக் கொடுங்கள். வீட்டில் சீனி குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர் இருந்தால் அவர்தான் சரியான ஆள் (பாவம்). கட்டியில் பதிந்திருக்கும் பெயர் தெரியாதபடி சிறு துண்டுகளாக வெட்டி, இலக்கம் எழுதிய சோசர்களில் அவர் வைக்க வேண்டும். ஒரு தந்திரமும் செய்யச் சொல்லுங்கள்: ஒரே சொக்லேட்டை இரண்டு இலக்கத்தில் வைப்பது. அதே பாருக்கு ஒருவர் ஓரிடத்தில் 8, இன்னோரிடத்தில் 4 போட்டால் அவருடைய தாளை மெதுவாக ஒதுக்கிவிடலாம்.

படி 5: இனி வாயில்

சோறு கறி சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். உறைப்பு நாக்கில் இருக்கும்போது எல்லாச் சொக்லேட்டும் ஒன்றுதான். இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு கடி கிறீம் கிறாக்கரும். ஐஸ் தண்ணீர் நாக்கில் ஒட்டிய கொழுப்பை உறைய வைக்கும், பிளேன் டீயை முடிந்த பிறகு குடிக்கலாம்.

முதலில் பாருங்கள், மேற்பரப்பு பளபளக்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் உடையுங்கள். நன்றாகச் செய்த கட்டி டக்கென்று உடையும், வெக்கை பட்டது வளையும். பால் சொக்லேட் கறுப்புச் சொக்லேட் அளவுக்குச் சத்தம் போடாது, அதற்காகக் குறைக்க வேண்டாம். மணந்து பாருங்கள்.

அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு துண்டை நாக்கில் வையுங்கள். கடிக்க வேண்டாம், கரைய விடுங்கள். இனிப்பு மட்டும்தான் தெரியும். சில விநாடியில் மூக்கை விடுங்கள். கொக்கோ, பால், வனிலா எல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும். முதல் தடவை செய்பவர்கள் சிரித்தே விடுவார்கள். இதில்தான் ஒரு பாரின் குணம் வெளியே வரும். டெய்ரி மில்க்கில் காய்ச்சிய பாலின் சாயல் தெரிந்தால் காரணம் உண்டு, பாலையும் சீனியையும் கொக்கோவையும் சேர்த்துக் காய்ச்சி உலர்த்திச் செய்யும் பழைய பிரித்தானிய முறை அது. பால்மா சேர்த்துச் செய்தவற்றில் அந்தச் சாயல் குறையும்.

கரைந்து முடிந்ததும் மேலண்ணத்தை நாக்கால் தடவுங்கள். மெழுகுப் படலம் நிற்கிறதா? படி 2இல் படித்த தாவரக் கொழுப்பை அங்கே சந்திக்கிறீர்கள்.

வேஃபர் பார் என்றால் கடித்துத்தான் பார்க்க வேண்டும். மொறுமொறுப்பு போயிருந்தால் மற்றதெல்லாம் வீண். கச்சான் உள்ளதில் காறல் வாடை இருக்கிறதா என்று மணக்க வேண்டும். பவுன்டிக்கு நாங்கள் கொஞ்சம் கடுமையான நீதிபதிகள், தினம் தேங்காய் துருவுகிற ஊர் அல்லவா.

படி 6: எழுதிய பிறகு பேசுங்கள்

எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. “ம்ம்ம்” கூட வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் பேனா அசைந்துவிடும். புள்ளிக்கு முன்னால் இரண்டு சொல்லாவது எழுதுங்கள்: ‘சீக்கிரம் கரைகிறது’, ‘பால் மணம் நீளம்’, ‘தொண்டையில் இனிப்பு அரிக்கிறது’. வெறும் கட்டிக்கு நான் பத்தில் ஐந்தைச் சுவைக்கும், மூன்றைக் கரைவதற்கும், இரண்டைப் பின்சுவைக்கும் வைப்பேன். அழகுக்கு ஒன்றும் கிடையாது.

விலையைப் புள்ளியில் சேர்க்காதீர்கள். பெயர்களை வெளியிட்ட பிறகு தனியாக 100 கிராமுக்குக் கணக்குப் பாருங்கள். 45 கிராம் பார் 300 ரூபா என்றால் 100 கிராம் ஏறத்தாழ 667 ரூபா. சிறிய பார்தான் மலிவு என்ற எண்ணம் பல நேரம் இங்கே உடையும். ஒரு புள்ளி மட்டும் குறைந்த பார் பாதி விலையில் இருந்தால், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள் போக வேண்டியது அதுதான்.