நெல்லை வெயிலில் ஏர்பிரஷ்: ஊசி நுனியில் காயும் பெயிண்டுக்கு வழி

ஏர்பிரஷ் என்றால் பிளாஸ்டிக் மாடலுக்குக் காத்தழுத்தத்தில் பெயிண்ட் தூவுற, பேனா மாதிரிக் கருவி. முதல் ஏர்பிரஷுக்கு மூணு விஷயம் பாருங்க: டபுள் ஆக்‌ஷன் (ஒரே டிரிகரில் காத்து, பெயிண்ட் இரண்டும்), மேலே கப் வைத்த கிராவிட்டி வகை, 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை). 1:35 அளவு மாடல் டாங்கிக்கும் 1:72 அளவு விமானத்துக்கும் இதுவே போதும். 0.2 நாசில் சீக்கிரம் அடைக்கும், ஆரம்பத்தில் வேண்டாம். காத்து தரும் கம்ப்ரசரில் 3 லிட்டர் டேங்க், பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரம் பிடிக்கும் ஃபில்டர் மூணும் இருக்கணும். ஏர்பிரஷ் அடியிலேயே மாட்டும் சார்ஜர் கம்ப்ரசர் பலதில் பிரஷர் குறைத்து வைக்க முடியாது, காசு கரிதான்.

பெயிண்ட் கலக்கிற பதம்: டம்ளரில் பாலைச் சுழற்றினால் ஓரத்தில் ஒட்டி மெல்ல இறங்குமே, அது. அக்ரிலிக் பெயிண்ட் 10 சொட்டு, அதை இளக்கும் தின்னர் 10 சொட்டு என்று ஆரம்பிங்க. பெயிண்ட் எந்தக் கம்பெனியோ, அந்தக் கம்பெனி தின்னரையே ஊத்துங்க. வல்லேஹோ கம்பெனி பெயிண்டில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊத்தினால் கப்பில் திரிஞ்சு கட்டியாகும். டமியா கம்பெனி பெயிண்டுக்கு அது ஒத்துக்கும். தண்ணி கலக்கிற பெயிண்ட் என்றாலும் திசையன்விளைப் பக்கத்து உப்பு போர் தண்ணி கூடாது, பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்லை) வாங்கிக்கோங்க.

டிரிகரை அழுத்தினால் காத்து, பின்னால் இழுத்தால் பெயிண்ட். காத்து முதலில் வரணும், கடைசியில் நிக்கணும். மாத்திச் செய்தால் அடுத்த தடவை சொட்டு தெறிக்கும். மாடலைத் தொடும் முன் கறுப்பு பிளாஸ்டிக் ஸ்பூன் பத்து அடித்துப் பழகுங்க. தூரம் 5 முதல் 8 செ.மீ.

இனி, எல்லாரும் மாட்டிக்கிற இடம். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் ஐந்து நிமிஷத்துக்குள் பெயிண்ட் வருவது குறையும். இன்னும் இழுத்தால் திடீரென ஒரு பொட்டு தெறிக்கும். உடனே நாசிலைக் கழற்ற ஓடாதீங்க. நாசில் நடுவே ஓடும் ஊசியின் நுனி அதுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. ஓடுற காத்தில் அங்கே அக்ரிலிக் காய்ந்து கடுகில் பாதியாக மொட்டு கட்டும், அதுதான் காரணம். கிளீனரில் நனைத்த மெல்லிய பிரஷால் நுனியைத் துடைங்க. விரலால் அழுத்தினால் ஊசி வளையும், அப்புறம் ஸ்ப்ரே ஒரு பக்கமாகப் போகும்.

வராமல் தடுக்க, 20 சொட்டுக் கலவைக்கு ரிட்டார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) 2 சொட்டு. ரெகுலேட்டரில் பிரஷரை 25 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-க்கு இறக்கி, கலவையைக் கொஞ்சம் இளக்குங்க. ஃபேனை நிறுத்துங்க. காலை ஒன்பதுக்குள் முடித்தால் பாதித் தொல்லை இல்லை. மாடல் மேல் மணல் மாதிரி சொரசொரப்பு வந்தால், பெயிண்ட் வழியிலேயே காயுது, கிட்டே போங்க. சிலந்திக் கால் மாதிரி ஓடினால் ரொம்பத் தண்ணி, இல்லை ரொம்பக் கிட்டே.

தென்காசி, குற்றாலம் பக்கத்தார் கேட்பது வேற: சாரல் காலத்தில் லாக்கர் (கடுமையான தின்னரில் கரையும் பெயிண்ட்) வெளுத்துப் பூத்துப்போகுது. காத்தின் ஈரம் பெயிண்டில் படிவதால் அப்படி. அன்றைக்கு லாக்கரைத் தொடாதீங்க. கம்ப்ரசர் டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணியை இறக்கி வைங்க. பணகுடி, வள்ளியூரில் ஆடிக் காத்துக்குத் தூசிதான் எதிரி. அடித்த உடனே அட்டைப்பெட்டியால் மூடுங்க.

நிறம் மாத்தும்போது கிளீனர் ஊத்தி அடித்தால் போதும். நாள் முடிவில் ஊசியை உருவித் துடைங்க. முழு ஏர்பிரஷையும் தின்னரில் ஊறப் போடாதீங்க, உள்ளே ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உப்பிவிடும். மாஸ்க் கட்டாயம்: அக்ரிலிக்குக்கு என்95, லாக்கருக்கு அது பத்தாது, கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ளது வேணும்.

கப்பில் குமிழி வருதா? காத்து நாசில் பக்கமாகப் பின்னுக்கு ஏறுது. நாசில் தளர்ந்திருக்கும், இல்லை கீறியிருக்கும். கையால் இறுக்கி, ஸ்பேனரில் ஒரு சிட்டிகைத் திருப்பு மட்டும். மிஞ்சினால் மரை முறிந்து உள்ளேயே மாட்டிக்கும்.