வேலியில் மான் சிக்கினால்: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

கோடை தொடங்கிவிட்டால் காட்டோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். தண்ணீர் தேடி வெளியே வந்த புள்ளிமானை நாய்கள் துரத்தும். மான் வேலியைத் தாண்டும்போது பின்னங்கால் மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே போய் முறுக்கிக்கொள்ளும். முன்னங்கால்கள் அந்தப் பக்கம் தரையில் ஊன்ற, பின்பாதி கம்பியில் தொங்கும். பார்த்தவர்கள் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து விடுவிப்பார்கள். அது பாய்ந்தோடுவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஏதாவது ஒரு புதருக்குள் அது செத்துக் கிடக்கலாம். அதை யாரும் பார்ப்பதில்லை. செய்தது தவறு என்பதும் தெரியாமலே போய்விடுகிறது.

மானைக் கொல்வது பெரும்பாலும் கம்பி இல்லை, பயம். உயிர்ப்பயத்தில் விடாமல் திமிறும்போது தசைகள் சிதையத் தொடங்கும். உடல் சூடேறும், ரத்தத்தில் அமிலம் கூடும். சிதைந்த தசையிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தைப் பாழாக்கும். இதயம் அங்கேயே நின்றுபோகலாம். சில நாள் கழித்தும் உயிர் போகலாம். கால்நடை மருத்துவர்கள் இதை 'கேப்சர் மயோபதி' என்பார்கள். வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதற்கும் முன்னால் நம் உயிர். வேலியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முறையான சோலார் வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி தருவது, கொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. காட்டுப்பன்றிக்காக நேராக லைனிலிருந்து இழுத்துவிட்ட கம்பி அப்படியில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. மின்வேலியை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு அதே ஆண்டில் விதி கொண்டுவந்தது. இருந்தாலும் எந்த வயலில் என்ன இழுத்திருக்கிறார்கள் என்று வெளியாளுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். காய்ந்த குச்சி, ரப்பர் செருப்பு என்று எதையும் நம்பி இறங்காதீர்கள்.

அடுத்தது கூட்டம். ஊரே சுற்றி நின்று, போனில் படம் எடுத்து, "பாவம், பாவம்" என்று ஆளாளுக்குத் தடவிக்கொடுப்பார்கள். நமக்கு அது அன்பு. மானுக்கு ஒவ்வொரு கையும் தன்னைத் தின்ன வந்த ஒன்றின் கை. முதல் வேலையாக நாய்களை விரட்டுங்கள், ஆட்களை மானின் பார்வையில் படாத தூரத்துக்கு அனுப்புங்கள். ஒருவர் வனச்சரக அலுவலகத்துக்கு போன் போடட்டும். எண் கிடைக்காவிட்டால் 112. காட்டோரத்தில் வயல் வைத்திருப்பவர்கள் சரகத்தின் எண்ணை முன்கூட்டியே போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வனத்துறையினர் வர நேரமாகும், நீங்களே விடுவியுங்கள் என்று அவர்களே சொன்னால் மட்டும் கிட்டே போகலாம். இரண்டு பேர் போதும், பேச்சு வேண்டாம். கொம்புக்கும் குளம்புக்கும் விலகி, பின்பக்கமாகப் போய், அடர்நிறத் துண்டு ஒன்றைக் கண்களை மூடுகிற மாதிரி போடுங்கள். மூக்கை மூடிவிடக் கூடாது. கண் மறைந்ததும் பல மான்கள் தலையைத் தாழ்த்தி அடங்கிவிடும்.

இங்கேதான் இழுக்கிற தவறு நடக்கிறது. இழுக்க இழுக்கக் கம்பி முறுக்கேறும், எலும்பு ஒடியும். ஒருவர் மானின் இடுப்பைத் தூக்கிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பாரம் குறைந்தால்தான் கம்பி தளரும். அதன் பிறகு மற்றவர் கட்டரால் வெட்டலாம். வெட்டும் இடத்தின் இரு பக்கமும் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். விறைப்பாகக் கட்டிய முள்கம்பி அறுந்ததும் சுருண்டு வந்து முகத்தில் அடிக்கும்.

வெளியே எடுத்த மானுக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். நாலு காலையும் சேர்த்துக் கட்டி பைக்கில் கொண்டுபோவதும் கூடாது. மான் அசைபோடும் விலங்கு. மல்லாக்கவோ ஒருக்களித்தோ வெகுநேரம் கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, தலை உயர்ந்தும் மூக்கு சற்றுத் தாழ்ந்தும் இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும்.

சுருக்குக் கம்பி இதைவிட மோசம். பழைய பைக் கிளட்ச் வயரைப் பன்றிக்காக வைப்பார்கள், எது வேண்டுமானாலும் மாட்டும். பதற்றத்தில் கட்டையிலிருந்து வயரை அறுத்துவிட்டு, சுருக்கு உடம்பிலேயே இருக்க விலங்கை ஓடவிடுவது கொடுமை. அது நாளுக்கு நாள் சதைக்குள் இறங்கும். சுருக்கை எடுத்தாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. ரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்த தோலும் சதையும் செத்து உதிர்வது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். 2020 மே மாதம் இலங்கையின் மலையகத்தில், நல்லதண்ணி அருகே தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டார்கள். உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் இறந்துபோனது. அதனால் சுருக்கில் சிக்கிய எதையும் மருத்துவர் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

சிறுத்தை, கரடி, பன்றி, காட்டெருமை, யானை எதுவாக இருந்தாலும் கிட்டேயே போகாதீர்கள். மயக்க ஊசியோடு வருபவர்களின் வேலை அது.

பாம்புகளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மயிலுக்காகவும் கோழிக்காகவும் கட்டும் நைலான் வலையில் சாரையும் நல்லபாம்பும் தலையை நுழைத்து, செதில்கள் தடுப்பதால் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். முன்னேற முன்னேற அடுத்தடுத்த கண்ணிகளும் இறுகும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு இழைதான் தெரியும். செதிலுக்கு அடியில் இன்னும் இரண்டு புதைந்திருக்கும். பிடுங்கினால் தோல் உரிந்துவிடும். பயிற்சி பெற்ற பாம்பு மீட்பர்தான், முனை மழுங்கிய கத்தரியை இழைக்கு அடியில் விட்டு ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். அவர் வரும்வரை வெயில் படாமல், தொடாமல் ஒரு சாக்கால் நிழல் கட்டுங்கள், அதுவே பெரிய உதவி.

குட்டியை வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பசும்பால் புகட்டுவதும் வேண்டாம். தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே காத்திருக்கும். வேறு வழியில்லாமல் ஒரு காட்டுயிர் உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம்.

மான் சிக்கிய வேலியை அன்றைக்கே பாருங்கள். மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓரடி இடைவெளி விட்டு, மேல்கம்பியை முள்ளில்லாத கம்பியாக மாற்றினால் கால் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தொய்ந்த கம்பிகளை இழுத்துக் கட்டுங்கள். அறுவடை முடிந்ததும் வலையைச் சுருட்டி வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.