பயனர் பெயர் வேறு, மெயில் முகவரி வேறு: தண்டர்பேர்டில் மூன்று நாள்

அலுவலக மெயிலைத் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் சேர்க்க மூன்று நாள் போனது. கடவுச்சொல் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. பிரவுசரில் அதே கடவுச்சொல் வேலை செய்தது.

கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றினேன். மெயிலைப் பெறும் ஐமேப் இணைப்பின் போர்ட் எண்ணை 993-இலிருந்து 143-க்கு மாற்றினேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன். பலனில்லை.

பிரவுசரில் எந்தப் பெயரில் உள்ளே போகிறேன் என்று அப்புறம்தான் கவனித்தேன். முழு முகவரி அல்ல, ஊழியர் எண்! பிரவுசரே அதை நிரப்பிவிடுவதால் கண்ணில் படவே இல்லை. தண்டர்பேர்டிலோ பயனர் பெயராக முழு முகவரி இருந்தது. கணக்கு அமைப்பில் சர்வர் பகுதிக்குப் போய் ஊழியர் எண்ணை இட்டதும் மெயில்கள் வந்து இறங்கின. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அனுப்ப முடியவில்லை. அனுப்பும் சர்வருக்குப் பயனர் பெயர் தனி. கணக்குப் பட்டியலின் அடியில் அதற்கென எஸ்எம்டிபி என்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கேயும் ஊழியர் எண்ணைக் கொடுத்தேன், போர்ட் 587, இணைப்புப் பாதுகாப்புக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற குறியாக்கம். சேமித்திருந்த பழைய கடவுச்சொற்களை அழித்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். மெயில் போனது.

மின்னஞ்சல் முகவரிப் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். அங்கே முழு முகவரிதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் உங்களுக்கு வந்து சேராது.