கொலஸ்ட்ரோலும் மறதியும்: நம்மவர்கள் விடும் தவறுகள்

கொலஸ்ட்ரோல் கூடினால் நெஞ்சுக்கு ஆபத்து என்பது காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது மூளைக்கு என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள், கிளினிக் வரிசையிலேயே இரண்டு கட்சி உருவாகிவிடும். “மூளையே கொழுப்புத்தானே, கொலஸ்ட்ரோல் இருந்தாத்தான் ஞாபகம் நிக்கும்” என்பது ஒரு கட்சி. “அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசையைக் குடிச்சுத்தான் உம்மாக்கு மறதி வந்த” என்பது மற்றக் கட்சி. இரண்டிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ஆட்கள் பெரிய தவறுகளைச் செய்கிறார்கள்.

முதல் கட்சியின் துளி உண்மை இது. உடம்பின் எடையில் மூளை ஏறக்குறைய 2 வீதம்தான். ஆனால் உடம்பிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ரோலில் 20 வீதத்துக்குக் குறையாமல் அங்கே இருக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில்தான் அதில் பெரும்பகுதி. உறை சரியாக இருந்தால்தான் நரம்புச் செய்தி வேகமாக ஓடும். சரி, அப்படியென்றால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடுவது நல்லதுதானே? இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. கொலஸ்ட்ரோலைச் சுமந்து வரும் எல்டிஎல் துகள்களை அது உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்து, மிஞ்சியதை உருமாற்றி வெளியே தள்ளுகிறது. ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரோல் 260 காட்டுகிறவருடைய மூளைக்கு, 170 காட்டுகிறவருடையதைவிட ஒரு சொட்டுக் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆட்டு மூளை வாங்கி ஆக்கிக் கொடுக்கும் வழக்கமும் இந்த நம்பிக்கையோடு சேர்ந்ததுதான். 100 கிராம் ஆட்டு மூளையில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. ஒரு முட்டையில் 200 மில்லிகிராமுக்குள்தான். ருசிக்காக எப்போதாவது சாப்பிடுவது வேறு விஷயம். ஞாபகசக்திக்கு என்று சொல்லிப் பிள்ளையைப் படுத்தத் தேவையில்லை.

மூளைக்குள் போகாத கொலஸ்ட்ரோல் மூளையை எப்படிக் கெடுக்கிறது? இரத்தக் குழாய் வழியாக. கூடுதலான எல்டிஎல் கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் பெரிய குழாய்களின் சுவரில் படிந்து அவற்றை ஒடுக்குகிறது. படிவு உடைந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, கட்டி மேலே போய் அடைத்துவிடும். அதுதான் பாரிசவாதம். பிரஷரும் சீனியும் கூடச் சேர்ந்துகொண்டால் மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய குழாய்களும் பழுதாகும். கல்லோயா வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசியில் இருக்கிற வயல்தான். இந்த மெல்லிய குழாய்களின் நுனிப் பகுதிகளுக்கும் அதே கதி. சின்னச் சின்ன அடைப்புகள், ஒவ்வொன்றும் வெளியே தெரியாமல் நடந்து, சில வருடங்களில் யோசிக்கும் வேகம் குறையும், திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்து முடிப்பது கஷ்டமாகும், நடை தளரும். வீட்டில் உள்ளவர்கள் வயசுதானே என்று விட்டுவிடுவார்கள்.

நான் பார்த்தவரையில் மிகப் பெரிய தவறு வயது பற்றியது. மறதி முதுமையில் வருவதால், அதைப் பற்றிய கவலையையும் முதுமைக்கு ஒத்திவைக்கிறோம். நாற்பது வயதுக்காரரிடம் இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்றால் “மறுகா பாப்பம்” என்பார். லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அந்த முறை புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைபாடும், நடுத்தர வயதில் கூடியிருக்கும் எல்டிஎல்லும். எல்லோருக்கும் எல்டிஎல் கட்டுப்பாட்டில் இருந்தால் மறதி நோய்களில் சுமார் 7 வீதத்தைத் தவிர்க்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. காது கேளாமைக்கும் அதே 7 வீதம்தான். ஆகவே கொலஸ்ட்ரோல் ஒன்றையே பிடித்துத் தொங்கவும் வேண்டாம். காது மந்தமான வாப்பாவுக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுப்பதும் மூளைக்குச் செய்யும் உபகாரம்தான்.

எண்பது வயதில் மறதி வந்த பிறகு சோதித்துவிட்டு, “கொலஸ்ட்ரோல் நோர்மல்தானே, அப்ப அதால இல்லை” என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. மறதி நோய் வரப்போகும் பலருக்கு, நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே எடையும் கொலஸ்ட்ரோலும் தானாகக் குறையத் தொடங்கிவிடும். எண்பது வயது ரிப்போர்ட்டை வைத்து நாற்பத்தைந்து வயதில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது.

இனிக் குளிசைக் கட்சி. கொலஸ்ட்ரோலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் குளிசையைக் குடித்த சிலருக்கு மறதியும் தடுமாற்றமும் ஏற்பட்டதாக முறைப்பாடுகள் வந்தது உண்மை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் அதை மருந்து லேபிளில் சேர்க்கவும் சொன்னது. கூடவே, இவை பொதுவாகக் கடுமையானவை அல்ல, மருந்தை நிறுத்தினால் மாறிவிடும் என்றும் சொன்னது. பின்பாதி பகிரப்படுவதே இல்லை! 70 முதல் 82 வயது வரையான 5,804 பேரிடம் நடந்த புரொஸ்பர் ஆய்வில், பிரவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகையைக் குடித்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை குடித்தவர்களுக்கும் ஞாபகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டாட்டினோடு எவொலோகுமாப் ஊசியும் போட்டு எல்டிஎல்லை மிகவும் கீழே இறக்கியவர்களிடமும், 2017இல் வெளியான எபிங்ஹவுஸ் ஆய்வில் மூளைத் திறன் குறையவில்லை. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஸ்டாட்டின் மறதியைத் தடுக்கும் மருந்து என்றும் நிரூபணமாகவில்லை. அதைத் தருவது மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் குறைக்கத்தான். தசை நோவோ மறதியோ இருப்பதாகப் பட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். பக்கத்து வீட்டு மச்சான் சொன்னதற்காகக் குப்பையில் போடுவதுதான் பிழை, ஏனென்றால் நிறுத்திய சில கிழமைகளிலேயே எல்டிஎல் பழைய இடத்துக்கு ஏறிவிடும்.

வேண்டுமென்றே இல்லாமல் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் கிளினிக் திகதி மறந்துபோகும். நோன்பு மாதத்தில் காலைக் குளிசையோடு கொலஸ்ட்ரோல் குளிசையும் விடுபட்டுவிடும். அட்டோவஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகையை எந்த நேரத்திலும் குடிக்கலாம், நோன்பு திறந்த பிறகு குடித்தால் போதும். மற்றக் குளிசைகளின் நேரத்தை நோன்புக்கு முன்னரே டொக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஆட்கள் பிழையான எதிரியோடு சண்டை பிடிக்கிறார்கள். முட்டை, றால், நண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கட்டித் தேங்காய்ப்பாலில் ஆக்கிய கறியும் எண்ணெய் வடியும் பராட்டாவும் சாப்பிடுவார்கள். பெரும்பாலானோருக்கு எல்டிஎல்லைக் கூடுதலாக ஏற்றுவது சாப்பாட்டிலுள்ள நிறைவுற்ற கொழுப்புத்தான். வாவி றாலில் கொலஸ்ட்ரோல் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதைத் தேங்காய்ப்பாலில் முக்கி எடுக்கும்போதுதான் கதை மாறுகிறது. தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரோல் இல்லை’ என்று எழுதியிருப்பது பொய்யில்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் அது பெயருக்குத்தான் இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. தினமும் ஒரு கரண்டி குடித்தால் மறதி போகும் என்ற வட்ஸ்அப் செய்திக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வல்லாரைச் சம்பலும் எருமைத் தயிரும் அளவாக இருக்கட்டும், குளிசைக்குப் பதிலாக வேண்டாம்.

இன்னொன்று பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கொலஸ்ட்ரோலும் கூடி, மறதியும் சோர்வும் உடல் குளிரும் மலச்சிக்கலும் ஒன்றாக இருந்தால் கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி குறைவாகச் சுரக்கலாம். தைரொய்ட் குறைந்தால் இவை எல்லாமே வரும், பெண்களுக்குக் கூடுதலாக. டிஎஸ்எச் என்ற இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். மருந்து எடுத்தால் கொலஸ்ட்ரோல் இறங்கும், மந்தமும் பெரும்பாலும் தெளியும். இதைப் பார்க்காமல் அம்மாவுக்கு மறதி நோய் என்று வீட்டிலேயே பெயர் வைத்துவிடாதீர்கள்.

மெலிந்தவருக்குக் கொலஸ்ட்ரோல் இருக்காது என்று நினைப்பதும் தவறு. பரம்பரையாக எல்டிஎல் கூடியிருக்கும் நிலை, ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு, ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

கடைசியாக, சில நிமிடங்களில் மாறிவிடும் அறிகுறிகள். வாய் ஒரு பக்கம் கோணுவது, கை விழுவது, பேச்சுக் குழறுவது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டால் பித்தம், வெயில் என்று சொல்லி ஆளைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அது பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம், முதல் இரண்டு நாட்களில்தான் ஆபத்து அதிகம். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சோடா, சாப்பாடு, வீட்டிலுள்ள அஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், டொக்டர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.