ஃபீனோ மூச்சுப் பரிசோதனை: எண்ணைக் கெடுக்கும் தவறுகள்

வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று அளப்பதே ஃபீனோ பரிசோதனை. ஆஸ்துமாவில் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) வகை அழற்சி இருந்தால் இந்த வாயு கூடும். ஊதினால் போதும், ஊசி வேண்டாம் என்பதாலேயே பலரும் இதை அலட்சியமாகச் செய்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் பிழை ஊதும் வேகத்தில்தான். நொடிக்கு 50 மி.லி. என்பது ஏற்கப்பட்ட வேகம். வாயு மூச்சுக்குழாயின் சுவரிலிருந்து கசிகிறது. மெல்ல ஊதினால் காற்று அங்கே கூடுதல் நேரம் தங்கி, அதை அதிகமாக அள்ளிக்கொண்டு வரும், எண் ஏறும். வேகமாக ஊதினால் இறங்கும். பெரியவர்கள் குறைந்தது 6 நொடி, 12 வயதுக்கு உட்பட்டவர்கள் 4 நொடி ஒரே சீராக ஊத வேண்டும். கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே ஊதச் சொல்லுங்கள். நடுவில் தடுமாறினால் அரை நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி செய்யுங்கள்.

ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊதுகிறது என்று அளக்கும் சோதனை) செய்து பழகியவர்கள் மூக்குக்கு கிளிப் மாட்டிவிடுவதுண்டு. இங்கே அது கூடாது. மூக்கிலும் சைனஸிலும் நைட்ரிக் ஆக்சைடு நுரையீரலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கிளிப் போட்டால் அது தேங்கி வாய்க்காற்றில் கலக்கும். கருவி தரும் எதிர்ப்பழுத்தம் மென்னண்ணத்தை (வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) மேலே தள்ளி மூக்குவழியை அடைத்துவிடும், அதுவே போதும். மூச்சை உள்ளிழுப்பதும் மூக்கால் அல்ல, கருவியின் வடிகட்டி வழியாக வாயால்தான்.

ஸ்பைரோமெட்ரியும் செய்ய வேண்டுமென்றால் ஃபீனோவை முதலில் முடியுங்கள். பலமாக ஊதிய பிறகு எண் குறைந்து காட்டும். ஃபீனோவுக்கு முந்தைய ஒரு மணி நேரம் சாப்பாடு, பானம், புகை வேண்டாம். பீட்ரூட், கீரை போன்ற நைட்ரேட் நிறைந்த உணவு எண்ணை ஏற்றும், புகைப்பழக்கம் இறக்கும்.

எண்ணைப் படிப்பதில் இன்னும் கவனம் தேவை. பெரியவர்களுக்கு 25 பிபிபிக்குக் (பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு) கீழே குறைவு, 50க்கு மேலே அதிகம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 20, 35. எண் குறைவு என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும், ஈசினோஃபில் சாராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அது குறைவாகவே வரும். ஒவ்வாமை மூக்கடைப்பு மட்டும் இருப்பவருக்கோ ஆஸ்துமா இல்லாமலே ஏறலாம். ஆகவே அறிக்கையில் எண்ணோடு இன்ஹேலரின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம், ஒவ்வாமை விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் ஒப்பிடும்போது, முதல் எண் 50க்கு மேல் இருந்தால் 20 சதவீதமாவது, அதற்குக் கீழே இருந்தால் 10 பிபிபியாவது மாறியிருந்தால்தான் அதை மாற்றமாகக் கொள்ளுங்கள்.