உமிக்கரி செய்து மண்ணில் சேர்ப்பது எப்படி?

அறுப்பு முடிந்து தை மாதம் பர்மாவில் பகோ பக்கம் போனால், ரைஸ் மில்களின் பின்னால் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். ஒரு கூடை நெல் 46 ராத்தல் (பவுண்டு). அதை அரைத்தால் ஏறக்குறைய 9 ராத்தல் உமி. நெற்பயிர் காற்றிலிருந்து இழுத்த கரிவாயுவின் (கார்பன் டை ஆக்சைடு) கரிச்சத்து அதற்குள் இருக்கிறது. கொளுத்தினால் அன்றைக்கே திரும்பக் காற்றில் கலந்துவிடும். கரியாக்கி மண்ணில் சேர்த்தால், கரியில் மிஞ்சுவதில் பெரும்பகுதி நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கும். நம் பாட்டிமார் பல் விளக்கிய அதே உமிக்கரிதான்.

முதலில் பழைய எண்ணெய் டின் ஒன்றை எடுத்துச் சுற்றிலும் ஆணியால் நிறையத் துளை போடுங்கள். டின்னின் அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, தலையில் ஓட்டை போட்டு ஆறடித் தகரக் குழாயைச் செருகுங்கள். காற்று அடிக்காத வெட்டவெளியில் கொட்டாங்கச்சியும் சுள்ளியும் போட்டுத் தீ மூட்டி, அதன்மேல் டின்னை, வெட்டிய பக்கம் கீழேயும் குழாய் மேலேயும் இருக்கும்படி வையுங்கள்.

அப்புறம் டின்னைச் சுற்றிக் காய்ந்த உமியைக் குவியுங்கள். உள்ளிருந்து கறுத்துக்கொண்டே வரும். மேலே கறுப்புத் திட்டு தெரிந்ததும் மண்வெட்டியால் அடியில் இருப்பதை மேலேயும், மேலே இருப்பதை அடியிலும் புரட்டுங்கள். குவியலைப் பொறுத்து மூன்று நான்கு மணி நேரம் ஆகும். விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் தடவை நான் இரவு அப்படியே விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சாம்பல். கரி முழுக்கக் காற்றோடு போயிருந்தது.

முழுக்கக் கறுத்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, உள்ளே கங்கு இல்லாமல் அணையுங்கள். ஆறியதும் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். உமியின் தோணி வடிவம் குலையாமல் கறுப்பாக இருந்தால் சரி.

இதை அப்படியே வயலில் போடக் கூடாது. வெறும் கரி மண்ணிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்வதால் நாற்று மஞ்சளாகிவிடும். ஒரு பங்கு கரிக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டுச் சாணம் கலந்து, ஈரம் காயாமல் இரண்டு வாரம் மூடி வையுங்கள். தொடக்கத்தில் காய்கறிப் பாத்தியில் மட்டும் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கரி வருகிற அளவுக்குப் போட்டு, மேல்மண்ணோடு கொத்திவிடுங்கள். புளித்த (அமிலத்தன்மை உள்ள) மண்ணுக்கு இது நல்லது, ஏனென்றால் கரியில் கொஞ்சம் காரத்தன்மை உண்டு.

நெல் வயலில் வைக்கோலையும் கொளுத்தாதீர்கள். உழாமலே, மிச்ச ஈரத்தில் பர்மியர் மட்பே என்று சொல்லும் உளுந்தை விதைத்து, வைக்கோலை மேலே மெல்லியதாகப் பரப்புங்கள். முளை வெளியே வர இடம் விட்டால் போதும்.